பேரேட்டில் செத்த கணினி

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, அலுவலக மேசைக் கணினிக்கு 3 ஆண்டு ஆயுள் எழுதியிருக்கிறது. சர்வருக்கு 6. வருமானவரிக் கணக்கில் கணினியின் தேய்மானம் ஆண்டுக்கு 40 விழுக்காடு. தயாரித்த நிறுவனத்தின் வாரன்டியும் பெரும்பாலும் 3 ஆண்டோடு முடிகிறது. இவை எல்லாம் ஒன்றுகூடும் இடத்தில் ஒரு மென்பொருள் நிறுவனமோ வங்கியோ பெட்டிகளை நூற்றுக்கணக்கில் கழித்துக் கட்டுகிறது. அவை ஏலத்தில் போய், லாட் லாட்டாகப் பிரிந்து, சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் என்று வந்து சேர்ந்து, அங்கிருந்து டிடிபி சென்டருக்கும் டியூஷன் நடத்துபவருக்கும் கல்லூரி மாணவர் வீட்டுக்கும் போகின்றன. வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வருஷம் பழசு என்பது. அந்தக் கேள்வியே தவறானது என்று நினைக்கிறேன். கணினிக்கு ஒற்றை வயது கிடையாது. அதன் ஒவ்வொரு உறுப்பும் தன்போக்கில் முதுமை அடைகிறது. சில உறுப்புகள் நம் காலத்துக்குள் அடைவதே இல்லை. இவற்றுக்கு வெளியே, கணக்கரும் மென்பொருள் நிறுவனமும் எழுதி ஒட்டிய வயதுகள் வேறு இருக்கின்றன. பழைய கணினியை அறிந்து வாங்குவது என்றால், உடம்பின் வயதையும் ஒட்டப்பட்ட வயதையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

ப்ராசஸரையே எடுத்துக்கொள்வோம். அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய மின்னழுத்தமும் சூடும் படாத அலுவலகப் பெட்டியில், பத்தாண்டு ஓடிய ப்ராசஸர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். போர்டு போகும், எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கி போகும், ப்ராசஸர் மிஞ்சும். ஆகவே அது பழசாகிறது என்றால், புதிதாக வந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பின்தங்கித் தெரிகிறது என்று மட்டுமே பொருள். அந்தப் பின்தங்கலும் சீராக நடக்கவில்லை. மேசைக் கணினிக்கான இன்டெல் ஐ5 வரிசை 2009இல் நான்கு கோர்களோடு வந்தது. 2017 தொடக்கத்தில் வந்த ஏழாம் ஜென் (தலைமுறை) வரை பெரும்பாலும் அதே நான்குதான். 2013இல் வந்த ஐ5-4570இன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். 2017இன் ஐ5-7500க்கு 3.4. இடைப்பட்ட காலத்தில் உள்ளமைப்பு மேம்பட்டது, வீடியோவைக் கையாளும் திறன் கூடியது, எல்லாம் உண்மை. ஆனால் டேலியும் வேர்டும் பிரவுசரும் திறந்துவைத்து வேலை பார்ப்பவருக்கு அந்த நான்காண்டு முன்னேற்றம் அநேகமாகக் கண்ணில் படாதது. 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசனை இறக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல்லின் எட்டாம் ஜென் ஐ5, ஆறு கோர்களோடு கடைக்கு வந்தது. போட்டி வந்த பிறகுதான் அவசரம் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், அப்படி நினைப்பதற்கு இடமிருக்கிறது. எப்படியாயினும், அந்தத் தேக்கத்தின் பலன் பத்தாண்டு கழித்துப் பழசு வாங்குபவரின் பைக்குள் வந்து விழுந்திருக்கிறது.

அப்படியானால் பழைய கணினி ஏன் அவ்வளவு மெதுவாக இருந்தது? ஆன் செய்துவிட்டு டீ குடித்துவரப் போகும் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லிநொடி எடுக்கிறது. கேட்ட தகவல் முனையின் கீழே வந்து நிற்கச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி ஆகும். அதற்கு முன் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு எட்டு ஒன்பது மில்லிநொடி. ஆக, சிதறிக்கிடக்கும் ஒரு சிறு துண்டை எடுக்க 12, 13 மில்லிநொடி. நொடிக்கு எண்பது துண்டைத் தாண்டுவதே கடினம். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். பந்தி நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, ஒரே ஆள் ஒரே கரண்டியோடு பரிமாறியது போன்ற நிலை அது: அடுப்பு எத்தனை இருந்தும் பயனில்லை. சுழலும் தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தரவல்லது. ஆகவே ப்ராசஸர் தளர்ந்துவிட்டது என்று பல ஆண்டுகள் நாம் நம்பியது, பெரும்பகுதி அது காத்துக்கிடந்த நேரம். 2013ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்றில் டிஸ்க்கை மட்டும் மாற்றினால், அதைவிட ஐந்தாண்டு இளைய, ஹார்டு டிஸ்க்கோடு வந்த புதுக் கணினியை அன்றாட வேலையில் அது முந்திவிடும். மேம்படுத்துவது என்ற பேச்சில் உறுதியாகச் செலவழிக்கத் தக்கது இந்த ஒன்றுதான். மற்றவை எல்லாம் ஆளையும் தேவையையும் பொறுத்தவை. எஸ்எஸ்டியிலும் என்விஎம்இ வகைதான் வேண்டும் என்று இங்கே அடம்பிடிப்பதும் வீண். அது நொடிக்கு 3500 மெகாபைட் தரும், சாட்டா 550தான் தரும் என்ற கணக்கு பெரிய கோப்புகளை அள்ளிக் கொட்டும்போது மட்டும் தெரியும். போதாக்குறைக்கு, நான்காம் ஜென் காலத்து அலுவலகப் போர்டுகளில் பலவற்றில் அதற்கான இடமும் இல்லை, அதிலிருந்து பூட் ஆகும் வசதியும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. கழித்துக் கட்டும் நிறுவனம், தகவல் கசிந்துவிடும் என்ற பயத்தில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் துளையிட்டோ நொறுக்கியோ அழித்துவிட்டுத்தான் பல நேரம் பெட்டியை வெளியே விடுகிறது. அது தக்கவைத்து அழிப்பது, அந்தக் கணினியில் உண்மையாகவே முதுமை எய்திய உறுப்பை. வெளியே விடுவது, இன்னும் பத்தாண்டு உழைக்கக் கூடியதை.

உடம்பின் வயது தெரியும் வேறு இடங்களும் உண்டு. அவற்றை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை. விசிறியின் தாங்கி தேயும். ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகும். நாணய அளவுப் பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி ஓடும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். ஒரு சில்லறைப் பேட்டரி போனதை வைரஸ் என்று நினைத்துப் பெட்டியையே மாற்றியவர்கள் இருக்கக்கூடும். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியவை கெப்பாசிட்டர்கள். 2000களின் முதற்பாதியில் உற்பத்தியான தரங்கெட்ட மின்பகுதிரவக் கெப்பாசிட்டர்கள் வீங்கி, உலகெங்கும் போர்டுகளைக் கொன்றன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 அதில் மாட்டிய புகழ்பெற்ற மாடல். 2005இல் அந்த நிறுவனம் இதைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. அதன் பிறகு போர்டுகளில் திடப் பாலிமர் கெப்பாசிட்டர்கள் பரவின. இன்று விற்பனைக்கு வரும் நான்காம் ஜென்னுக்குப் பிந்திய பெட்டிகளில் அந்த நோய் பெரும்பாலும் இல்லை என்றாலும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் திரவக் கெப்பாசிட்டர் இன்னும் இருக்கிறது. பத்தாண்டுப் பெட்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

கடையில் கூவி விற்கப்படுவதோ வேறொன்று. ஐ7, 16 ஜிபி என்பார்கள். எத்தனையாவது ஜென் என்பதை விட்டுவிடுவார்கள். 2011இன் ஐ7-2600உம் ஐ7தான். 2017 இறுதியில் வந்த ஐ3-8100, தகுதியில் கீழ்ப்படியில் இருந்தாலும், ஒற்றைக் கோர் வேகத்தில் அதைத் தெளிவாகவே முந்துகிறது. சிறுகோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் ஜென்னைச் சொல்லிவிடும் (பத்தாம் ஜென்னிலிருந்து முதல் இரண்டு இலக்கங்கள்). பிராண்டட் பெட்டி என்றால் அதன் முதுகில் ஒட்டிய சர்வீஸ் டேகையோ சீரியல் எண்ணையோ தயாரித்தவரின் தளத்தில் இட்டுப் பார்க்கலாம். வாரன்டி எந்த நாளில் தொடங்கியது, எந்த உறுப்புகளோடு பிறந்தது என்பது வந்துவிடும். கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட இந்த ஜாதகம் நம்பத் தகுந்தது.

இங்கேயே ஒரு மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். உறுப்பு உறுப்பாக மாற்றலாம் என்கிறீர்களே, பிராண்டட் பெட்டி அதற்கு விடுகிறதா என்பது அது. நியாயமான கேள்வி. ஏடிஎக்ஸ் என்ற பொதுத் தரத்தை இன்டெல் 1995இல் வகுத்தது. தெருவில் அசெம்பிள் செய்த எந்தப் பெட்டியிலும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் பொருந்துவது அதன் புண்ணியத்தில்தான். டெல்லும் ஹெச்பியும் அலுவலகப் பெட்டிகளில் அந்த 24 பின் இணைப்பைக் கைவிட்டு, தங்களுக்கென்று 8 பின், 6 பின் என்று வைத்துக்கொண்டன. எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாடலைத் தேட வேண்டும், அல்லது மாற்றுக் கேபிளை நம்ப வேண்டும். ப்ராசஸர் விஷயத்தில் பூட்டு இன்னும் வெளிப்படை. ஆறாம், ஏழாம் ஜென் உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151. எட்டாம் ஜென்னுக்கும் அதே பெயர், அதே 1151 தொடுபுள்ளிகள். ஆனால் பழைய போர்டில் புதியதை இன்டெல் அனுமதிக்கவில்லை. கைதேர்ந்த சிலர் சில புள்ளிகளை மறைத்து, பயாஸைத் திருத்தி ஓட்டியும் காட்டினார்கள். முடியாததும் அனுமதிக்கப்படாததும் ஒன்றல்ல என்பதற்கு அது போதிய சான்று. என்றாலும் வாங்குபவருக்கு நடைமுறையில் விளைவு ஒன்றே: ஐ5-6500 வாங்கினால் அதிகம் போனால் ஐ7-7700 வரை ஏறலாம், அதற்கு மேல் படி இல்லை. அந்தக் கடைசிப் படிக்கு எல்லோரும் போட்டியிடுவதால் அதன் பழைய விலையும் இறங்குவதில்லை. ஏறவே வேண்டாம் என்பேன். அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டு எட்டாம் ஜென் பெட்டியாகவே வாங்கிவிடலாம்.

கேம் ஆடுபவரின் கணக்கும் இங்கேதான் உடைகிறது. ஒல்லியான அலுவலகப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 180 முதல் 260 வாட்டுக்குள் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கம்பி இருக்காது. ஸ்லாட் வழியே கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். கார்டின் உயரமும் பாதியாக இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் அடங்கும் கார்டுகள் சில உண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போல. அதைத் தாண்டி ஆசைப்பட்டால் எஸ்எம்பிஎஸ், கேபினெட், அப்புறம் போர்டு என்று ஒவ்வொன்றாக மாறி, மலிவாக வாங்கியதில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மாற்றத் தக்கவை டிஸ்க்கும் ரேமும் பேஸ்ட்டும் பேட்டரியும் விசிறியும் என்று வரையறுத்துக்கொண்டால், பிராண்டட் பெட்டியின் பூட்டுகள் அநேகமாகக் குறுக்கே வருவதில்லை. ரேமில் மட்டும் ஒரு குறிப்பு: 8 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 4 ஜிபி இரண்டாக இருப்பது நல்லது, இரண்டு தடமும் ஓடும்போது உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு மூச்சு கிடைக்கும். டிடிஆர்3 பெட்டியா டிடிஆர்4 பெட்டியா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும், ஒன்றின் துண்டு மற்றதில் நுழையாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான தன் க்ரூஷியல் வணிகத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே 16 ஜிபி செருகியபடி வரும் கம்பெனிப் பெட்டியின் மதிப்பு, அதனால் தானாகவே ஒரு படி உயர்ந்திருக்கிறது.

மின்செலவை வைத்துச் சிலர் மறுப்பார்கள். 2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 என்ற சிறு ப்ராசஸர், வடிவமைப்பு அளவில் 6 வாட்தான். மொத்தத் திறனில் ஐ5-6500க்குக் கிட்டத்தட்ட ஈடு. உள்ளங்கை அளவுப் பெட்டியாகப் புதிதாகவே கிடைக்கிறது. பிறகு ஏன் பழசு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய பெட்டி கூடுதலாக 20 வாட் தின்கிறது என்று கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 48 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 500 ரூபாய்க்குள் முடிகிறது. இராப்பகலாக ஓடவிடுபவருக்கு இந்தக் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் போகும். கண்காணிப்புக் கேமராவுக்கோ வீட்டு சர்வருக்கோ என்றால் புதிய சிறுபெட்டிதான் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. அன்றாட மேசை வேலைக்கு அப்படியில்லை. மலிவான சிறுபெட்டிகள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதன் வயது முழுவதும் ஒற்றை வயது. ஒன்று போனால் எல்லாம் போயிற்று. மின்சாரம் என்றால் தயாரிப்பில் எரிந்ததையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 17 அங்குல மானிட்டரோடு ஒரு மேசைக் கணினியை உண்டாக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருளும் 1500 கிலோ தண்ணீரும் செலவாகின்றன என்று ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் கணக்கிட்டார்கள். அந்தக் குண்டு மானிட்டர் போய்விட்டது, எண்களும் இன்று மாறியிருக்கும். ஆனால் சில்லு உற்பத்தி இன்றும் மின்சாரத்தையும் தூய நீரையும் குடித்துத்தான் நடக்கிறது.

ஏமாற்று பற்றிய அச்சம் இதைவிட வலுவானது. அதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஓடிய மணிக்கணக்கை அழித்த டிஸ்க், போலி எஸ்எஸ்டி, கள்ள விண்டோஸ், பயாஸில் பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு, எல்லாம் நடக்கிறது. ஆனால் புதியது என்ற அட்டைப்பெட்டி இதற்குக் காப்பு என்பதும் மூடநம்பிக்கை. 2025 தொடக்கத்தில் ஐரோப்பியக் கடைகளில் புதிதாக விற்ற சீகேட் ஹார்டு டிஸ்க்குகளில் பல, ஆயிரக்கணக்கான மணி நேரம் வேறெங்கோ உழைத்துக் களைத்து, பதிவு அழிக்கப்பட்டு வந்தவை என்று தெரியவந்தது. பழைய பெட்டிக்கு ஒரு நன்மை உண்டு: மூடியைத் திறந்து காட்டு என்று கேட்கலாம். பயாஸுக்குள் நுழைந்து பார்க்கலாம், டிஸ்க்கின் தன்னாய்வுப் பதிவைப் படிக்கலாம், ரேமுக்கு ஓர் இரவுச் சோதனை வைக்கலாம். டிஸ்க்கை மட்டும் தெரிந்த கடையில் புதிதாக, பில்லோடு வாங்கினால் அச்சத்தில் பாதி தீர்ந்தது.

மிஞ்சுவது மென்பொருள் எழுதும் வயது. மைக்ரோசாஃப்ட் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11ஐ வெளியிட்டபோது, எட்டாம் ஜென்னுக்கு முந்திய இன்டெல் பெட்டிகளை ஏறக்குறைய மொத்தமாக வெளியே தள்ளியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்றது. ஏழாம் ஜென்னும் எட்டாம் ஜென்னும் கடைக்கு வந்தது ஒரே ஆண்டில், 2017இல். ஜனவரியில் வந்தது காலாவதி, அக்டோபரில் வந்தது தகுதி. ஏழாம் ஜென் பெட்டிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கவும் செய்கிறது. பாதுகாப்புக்காகத்தான் கோடு கிழித்தோம் என்ற விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை; தீய நிரல் ஊடுருவாமல் வன்பொருள் அளவிலேயே தடுக்கும் வசதிகள் புதிய ப்ராசஸர்களில் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் அதே ஏழாம் ஜென்னின் ஐ7-7820ஹெச்கியூவுக்கு விதிவிலக்கு தந்தார்கள். அந்த ப்ராசஸர் இருந்தது மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல். தன் வீட்டுப் பிள்ளைக்கு வளைந்து கொடுக்கும் கோட்டை, பொறியியல் போட்ட கோடு என்று எப்படி ஏற்பது?

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிநபர்களுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களின் காலம் 2026 அக்டோபர் வரை. அதற்குப் பின்னும் விண்டோஸ் 10 பெட்டியை இணையத்தில் விட்டு, வங்கிக் கணக்கையும் திறப்பது அறிவீனம்; இதில் சமாதானம் பேச மாட்டேன். வழி லினக்ஸ். மின்ட், டெபியன் போன்றவை 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள நான்காம் ஜென் பெட்டியில் குறையின்றி ஓடுகின்றன. தமிழ் யூனிகோடு தட்டச்சும் உள்ளேயே வருகிறது. டேலிக்கும் சில அரசுத் தளங்களின் கையொப்பக் கருவிகளுக்கும் விண்டோஸ்தான் வேண்டும் என்பவர் எட்டாம் ஜென்னுக்குப் போவதே மேல். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அந்நியமில்லாதது: 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7ஐயும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவையும் இன்றுவரை விடாத அச்சக டிடிபிக்காரர்கள். அந்த மென்பொருளுக்குத் தயாரித்தவரின் ஆதரவு எப்போதோ போயிற்று, ஆனாலும் அதில் புத்தகங்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்குப் பழைய பெட்டி, பழைய விண்டோஸ், நெட் கேபிளைப் பிடுங்கிய நிலை என்பதே போதும். பக்கத்தில் மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வேறொரு பெட்டி.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ரிச்சி தெருவுக்கு வரும் லாட்டுகளில் ஆறாம், ஏழாம் ஜென் பெட்டிகள் குவியும். அவற்றின் விலை அவற்றின் திறனைவிட வேகமாகச் சரியும் என்று எதிர்பார்க்கிறேன். வாங்குபவருக்கு நல்ல செய்தி, நிலத்துக்கு அல்ல. விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பெட்டியாக விற்பதைவிட உடைத்துச் செம்பும் தங்கமும் எடுப்பது லாபம் என்றாகிவிடும். டெல்லி சீலாம்பூரில் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் முக்கியும் உலோகம் பிரிப்பவர்களின் நுரையீரலுக்கு அது போய்ச் சேரும். உலகம் 2022இல் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், புதுப்பித்து விற்பவரையும் பதிவுக்குள் கொண்டுவந்தன. பொருளின் ஆயுளை நீட்டியதற்குச் சான்றிதழ் உண்டு, அதைக் காட்டும் உற்பத்தியாளரின் கழிவுப் பொறுப்பு அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டு மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. மேசைக் கணினி அந்தப் பட்டியலில் இல்லை. நம் விதிகளும் பெட்டியைச் செய்தவரைத்தான் பொறுப்பாக்குகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பெட்டிகளுக்கு ஒரே நாளில் முடிவுத் தேதி குறித்த மென்பொருள் நிறுவனத்தின் பெயர், கழிவுக் கணக்கின் எந்தப் பத்தியிலும் வருவதில்லை.